இரண்டு பிளக்கும் ஒரு சிப்பும்

இது கொஞ்சம் நீளமான பதிவு. வேலையாக இருப்பவர்கள் சேமித்து வைத்துக்கொண்டு இரவு சாப்பிட்டபின் படிக்கலாம்.

போன வாரம் வண்டியை சர்வீசுக்கு விட துருகம் சாலையில் இருக்கும் ஒரு மெக்கானிக் கடைக்குப் போனேன். கடைக்காரன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவன். ஒரு பழைய பல்சரைப் பிரித்துப் போட்டிருந்தான். அதிலிருந்து இரண்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்துவிட்டுச் சிரித்தான்.

"சார், நீங்க நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் நடத்துனப்போ போர்டுல ஒரு பிளக்குதான் போட்டீங்க. இதுல ரெண்டு இருக்குது பாருங்க."

அவன் மகனும் கடையில் இருந்தான். எலெக்ட்ரானிக்ஸ் கடைசி ஆண்டு. பெங்களூரில் ஒரு சிப் கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய தாள்களை மொபைலில் காட்டினான். அதில் ஒரு பக்கத்தில், வேலைக்காலத்தில் நீ எதைக் கண்டுபிடித்தாலும் அதன் உரிமை கம்பெனிக்கே என்று இருந்தது.

"சார், நான் ஏதாச்சும் கண்டுபிடிச்சா அது என்னுது இல்லையா சார்?"

"மொதல்ல கண்டுபுடிடா" என்றான் தகப்பன்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பையனின் கேள்வி என்னை விடவில்லை. தகப்பன் என் கையில் வைத்த இரண்டு பிளக்குக்குப் பின்னால் ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. மகன் வேலைக்குப் போகும் சிப் தொழிலுக்குப் பின்னால் அதைவிடப் பெரிய வழக்குகள் இருக்கின்றன. அவனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

*

முதலில் அந்த இரண்டு பிளக்கு.

கரும்பு வெட்டிய வயலில் சோகையைக் கொளுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மூலையில் வைத்த தீ வயல் முழுவதும் பரவ நேரமாகும். எதிரெதிர் மூலைகளில் வைத்தால் சீக்கிரம் எரிந்து முடியும். இன்ஜினிலும் அதே கதைதான். பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் உள்ள கலவை மெதுவாக எரியும். எதிரெதிரே இரண்டு பிளக்கு வைத்தால் வேகமாகவும் முழுமையாகவும் எரியும். மைலேஜும் கிடைக்கும், புகையும் குறையும்.

புனேயின் பஜாஜ் ஆட்டோ நிறுவனம் 2002 ஜூலை 16 அன்று இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. 2003-இல் 'டி.டி.எஸ்.-ஐ' என்ற பெயரோடு பல்சர் வந்தது. 2005 ஜூலையில் 195904 என்ற எண்ணில் காப்புரிமையும் கிடைத்தது. இரட்டை பிளக்கு உலகத்துக்குப் புதிது அல்ல. விமான இன்ஜின்களில் வெகுகாலமாக உண்டு. பஜாஜ் கேட்ட உரிமை அதைவிடக் குறுகலானது: 45 மில்லிமீட்டரிலிருந்து 70 மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள சிறிய சிலிண்டரில், காற்று மிகுந்த கலவையை, இரண்டு பிளக்கு வைத்து எரிப்பது.

2007 ஆகஸ்டு கடைசியில் ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 'ஃபிளேம்' என்ற 125 சி.சி. வண்டியை அறிவித்தது. அதிலும் இரண்டு பிளக்கு. பஜாஜ், இது எங்கள் உரிமையை மீறுவது என்றது. டி.வி.எஸ்., நீங்கள் ஆதாரமின்றி மிரட்டுகிறீர்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பஜாஜும் அதே நீதிமன்றத்தில் எதிர் வழக்குப் போட்டது. அந்தக் காப்புரிமையையே ரத்து செய்யக் கேட்டு, சென்னையில் அப்போது இயங்கிய அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கும் டி.வி.எஸ். போனது.

டி.வி.எஸ். சொன்ன வாதம் இரண்டு. ஒன்று, எங்கள் இன்ஜினில் வால்வு மூன்று, உங்களுடையதில் இரண்டு, எனவே இது வேறு இன்ஜின். இன்னொன்று, உங்களுக்கு முன்பே ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் இதைப் போன்றதற்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறது, அப்படியிருக்க இதில் உங்களுடையது எது?

இந்த இரண்டாவது வாதம் முக்கியம். அரசு காப்புரிமை கொடுத்துவிட்டது என்பதாலேயே அது செல்லும் என்று நம் சட்டம் உறுதி சொல்வதில்லை. சட்டத்தின் 13(4) பிரிவே அப்படிச் சொல்கிறது. இந்தச் சட்டத்துக்கு அடிப்படை போட்டவர் நம் தமிழர், நீதிபதி ந. ராஜகோபால ஐயங்கார். 1959-இல் அவர் கொடுத்த அறிக்கையை வைத்துத்தான் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் எழுதப்பட்டது.

2008 பிப்ரவரியில் தனி நீதிபதி பஜாஜ் பக்கம் இடைக்காலத் தடை கொடுத்தார். டி.வி.எஸ். அந்த ஆண்டு ஃபிளேமை ஒரே பிளக்கோடு விற்பனைக்கு விட்டது. 2009 மே மாதம் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. பஜாஜ் உச்ச நீதிமன்றம் போனது.

2009 செப்டம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதைக் கவனியுங்கள். காப்புரிமை, வணிகச் சின்னம் போன்ற வழக்குகளில் இடைக்காலத் தடை வேண்டுமா வேண்டாமா என்றே ஆண்டுக்கணக்கில் சண்டை நடக்கிறது, இறுதித் தீர்ப்பு வருவதே அரிது என்று நீதிபதிகள் வருத்தப்பட்டார்கள். இந்த மாதிரி வழக்குகளை நாள்தோறும் விசாரித்து நான்கு மாதத்துக்குள் முடிக்கப் பாருங்கள் என்று எல்லா நீதிமன்றங்களுக்கும் சொன்னார்கள். டி.வி.எஸ். வண்டியை விற்கலாம், ஆனால் கணக்கு வைக்க வேண்டும். மூல வழக்கை 2009 நவம்பர் 30-க்குள் முடிக்க வேண்டும். இதுதான் உத்தரவு.

முடிந்ததா? 2019 அக்டோபரில் இரண்டு நிறுவனங்களும் தாங்களே பேசிச் சமாதானம் செய்துகொண்டு வழக்குகளை முடித்துக்கொண்டன. பன்னிரண்டு ஆண்டு. வழக்கு தொடங்கியபோது நாம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தோம். சமாதானம் ஆனதற்கு அடுத்த மாதம் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கிவிட்டது. காப்புரிமையின் ஆயுளே 20 ஆண்டுதான், 2022-இல் முடிய வேண்டியது. அதில் பாதிக்கு மேல் வழக்கிலேயே போனது. அந்த இரட்டை பிளக்கு உண்மையில் யாருடைய கண்டுபிடிப்பு என்று எந்த நீதிமன்றமும் கடைசியாகச் சொல்லவில்லை. ஃபிளேம் வண்டியை இப்போது சாலையில் பார்ப்பதே அரிது.

*

இனி மகனின் தொழிலுக்கு வருகிறேன்.

1958-ஆம் ஆண்டு. அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்ற நிறுவனம். ஜாக் கில்பி என்பவர் அங்கே புதிதாகச் சேர்ந்திருந்தார். ஜூலையில் ஆலை முழுவதற்கும் விடுமுறை விட்டார்கள். புதிய ஆள் என்பதால் கில்பிக்கு விடுப்பு சேரவில்லை. ஆளில்லாத ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

அந்தக் காலத்துப் பிரச்சினை என்னவென்றால், டிரான்சிஸ்டர், மின்தடை, மின்தேக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் செய்து, ஆயிரக்கணக்கான இடங்களில் கையால் சால்டர் வைத்து இணைக்க வேண்டும். ஓர் இணைப்பு விட்டுப்போனால் கருவியே வேலை செய்யாது. எல்லாவற்றையும் ஒரே குறைக்கடத்தித் துண்டிலேயே செய்துவிட்டால் என்ன என்று கில்பிக்குத் தோன்றியது. ஜூலை 24 அன்று அதை நோட்டில் எழுதினார். செப்டம்பர் 12 அன்று ஒரு ஜெர்மானியத் துண்டில் செய்து மேலதிகாரிகளுக்கு ஓட்டியும் காட்டினார்.

ஆனால் அந்தத் துண்டுக்குள் இருந்த பாகங்களை இணைத்தது மெல்லிய தங்கக் கம்பிகள். மேலே வளைந்து பறந்துபோகும் கம்பிகள். கையால்தான் ஒட்ட வேண்டும்.

அதே நேரம் கலிபோர்னியாவில் ஃபேர்சைல்டு நிறுவனத்தில் ஜான் ஹோர்னி என்பவர் டிரான்சிஸ்டர் செய்ய ஒரு புது முறை கண்டுபிடித்தார். சிலிக்கான் மேல் வளரும் ஆக்சைடு படலத்தைச் சுரண்டி எடுக்காமல் அப்படியே விட்டுவைப்பது. அது மின்சாரம் கடத்தாது, அடியில் இருப்பதையும் பாதுகாக்கும். அவருடைய சக ஊழியர் ராபர்ட் நாய்ஸ் இதிலிருந்து ஒரு படி மேலே போனார். அந்தப் படலத்தின்மேலேயே உலோகக் கோடுகளைப் படியவைத்துவிட்டால் கம்பியே வேண்டாமே? 1959 ஜனவரி 23 அன்று அவரும் நோட்டில் எழுதினார்.

இன்று நம் கையிலுள்ள ஒவ்வொரு சிப்பும் இந்த வழியில் வந்ததுதான். ஒரே துண்டில் எல்லாம் என்ற எண்ணத்தைக் கில்பி முதலில் செய்து காட்டினார். ஆலையில் ஆயிரக்கணக்கில் அச்சடிக்கும் வழியை நாய்ஸ் கொடுத்தார்.

அந்த ஜனவரியில் டல்லாஸில் ஒரு வதந்தி பரவியது. வேறொரு பெரிய கம்பெனி இதைப்போலவே ஒன்றுக்குக் காப்புரிமை கேட்கப் போகிறது என்று. பயந்துபோய் அவசர அவசரமாக விண்ணப்பம் தயாரித்தார்கள். 1959 பிப்ரவரி 6 அன்று கொடுத்தார்கள். படம் புதிதாக வரைய நேரமில்லை. தங்கக் கம்பி பறக்கும் அந்தப் பழைய மாதிரியின் படமே போனது. கம்பி இல்லாமலும் செய்யலாம், காப்புப் பொருளின்மேல் தங்கத்தை இட்டு இணைக்கலாம் என்று ஒரு சிறு பத்தியைக் கில்பி கடைசியில் சேர்த்தார்.

நாய்ஸின் விண்ணப்பம் 1959 ஜூலையில்தான் போனது. ஆனால் அதில் எல்லாம் தெளிவாக இருந்தது. காப்புரிமை அலுவலகம் 1961 ஏப்ரலில் நாய்ஸுக்கு முதலில் கொடுத்துவிட்டது. கில்பிக்கு 1964 ஜூனில்தான் கிடைத்தது. ஆறு மாதம் முன்னால் கேட்டவருக்கு மூன்று ஆண்டு பின்னால் கிடைத்தது.

யார் முதல் என்று வழக்கு மூண்டது. கில்பி முதலில் எழுதினார் என்பதில் சந்தேகமில்லை. அதனால் 1967-இல் காப்புரிமை அலுவலகத்தின் விசாரணைக் குழு கில்பி பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஃபேர்சைல்டு மேல்முறையீடு செய்தது. அங்கே வழக்கு ஒரு சொல்லில் வந்து நின்றது.

நாய்ஸ் எழுதியது, உலோகம் ஆக்சைடு படலத்தோடு ஒட்டியிருக்கும் என்று. கில்பி எழுதியது, தங்கம் காப்புப் பொருளின்மேல் இடப்படும் என்று. இடுவது என்றால் ஒட்டுவது என்று பொருள்படுமா? இலையில் சோறு இடுகிறோம், அது இலையோடு ஒட்டிக்கொண்டதாகுமா? இதற்கு நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள், பக்கம் பக்கமாக வாதம் நடந்தது. 1969 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம், இரண்டும் ஒன்றல்ல என்று சொல்லி நாய்ஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1970-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதில் தலையிட மறுத்துவிட்டது.

வகுப்பில் நான் பிள்ளைகளிடம், விடை தெரிந்தால் மட்டும் போதாது, தெளிவாக எழுது என்று தொண்டை வறளச் சொல்லுவேன். மதிப்பெண்ணுக்காகச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள்.

இதில் இன்னொன்றும் உண்டு. அந்தத் தீர்ப்பு வந்தபோது அதனால் யாருக்கும் பெரிய ஆதாயமோ நட்டமோ இல்லை. ஏனென்றால் 1966-லேயே இரண்டு கம்பெனிகளும் பேசி முடித்துவிட்டன. உன் காப்புரிமையை நான் பயன்படுத்துகிறேன், என்னுடையதை நீ பயன்படுத்து, வேறு யார் சிப் செய்ய வந்தாலும் நம் இருவரிடமும் உரிமம் வாங்கட்டும் என்று. ஜெயித்த கம்பெனி ஃபேர்சைல்டு. ஆனால் நாய்ஸ் 1968-லேயே அங்கிருந்து வெளியேறி இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கிவிட்டார். ஹோர்னி 1961-லேயே போய்விட்டார். கில்பியும் நாய்ஸும் கடைசிவரை ஒருவரையொருவர் மதித்தே பேசினார்கள். 2000-ஆம் ஆண்டு கில்பிக்கு நோபல் பரிசு கிடைத்தது. நாய்ஸ் 1990-லேயே இறந்துவிட்டார். இறந்தவருக்கு நோபல் கொடுப்பதில்லை.

*

கில்பியின் காப்புரிமைக்கு ஜப்பானில் நடந்தது இன்னும் விசித்திரம்.

1960 பிப்ரவரியில் ஜப்பானிலும் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் விண்ணப்பித்தது. அதைப் பிரித்து, பிரித்ததை மறுபடி பிரித்து, ஒரு துண்டுக்குக் காப்புரிமை கிடைத்தது எப்போது தெரியுமா? 1989 அக்டோபரில். இருபத்தொன்பது ஆண்டுக்குப் பிறகு. இதற்குள் உலகத்தின் நினைவகச் சிப்புகளில் பெரும்பகுதியை ஜப்பான் செய்துகொண்டிருந்தது. இந்தப் பழைய காப்புரிமைக்கு இப்போது பணம் கட்டு என்று அமெரிக்கக் கம்பெனி கேட்டது. புஜிட்சு நிறுவனம் முடியாது என்று 1991-இல் டோக்கியோ நீதிமன்றம் போனது. 1994-இல் புஜிட்சு வென்றது, 1997 மேல்முறையீட்டிலும் வென்றது. 2000 ஏப்ரல் 11 அன்று ஜப்பானின் உச்ச நீதிமன்றம் சொன்னது: செல்லாது என்று தெளிவாகத் தெரியும் ஒரு காப்புரிமையைக் கையில் வைத்துக்கொண்டு பணம் கேட்பது உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது. அதற்கு முன்பு ஜப்பானில் மீறல் வழக்கை விசாரிக்கும் நீதிமன்றம், காப்புரிமை செல்லுமா செல்லாதா என்ற கேள்விக்குள் போகாது. இந்தத் தீர்ப்பு அந்தக் கதவைத் திறந்தது.

அதே ஆண்டு அக்டோபரில்தான் கில்பிக்கு நோபல் அறிவிப்பு. ஒரே மனிதரின் ஒரே எண்ணம். ஒரு நாட்டில் நீதிமன்றம் அதைக் காட்டிப் பணம் கேட்காதே என்றது, இன்னொரு நாட்டில் அரசர் கையால் பரிசு கிடைத்தது.

*

இனி பையனின் கேள்விக்கு வருகிறேன். கண்டுபிடித்தவனுடையதா, கம்பெனியுடையதா?

கில்பி, நாய்ஸ் இருவரின் காப்புரிமையும் கம்பெனிகளின் சொத்து. அவர்கள் அதை எதிர்க்கவில்லை. எதிர்த்தவர் ஒருவர் இருக்கிறார். சூஜி நாகமுரா.

ஜப்பானின் ஷிகோகு தீவில் ஆனான் என்ற சிறிய ஊர். அங்கே நிச்சியா என்ற ரசாயனக் கம்பெனி. நாகமுரா 1979-இல் அங்கே சேர்ந்தார். நீல நிற எல்.இ.டி. விளக்கு செய்வது அப்போது உலகம் முழுவதும் கைகூடாத காரியம். அதற்குக் காலியம் நைட்ரைடு என்ற பொருளைச் சூடான தட்டின்மேல் வாயுவிலிருந்து மெல்லிய படலமாக வளர்க்க வேண்டும். தட்டின் சூட்டில் வாயு மேலே எழும்பிப் போய்விடும், படலம் சரியாக அமையாது. நாகமுரா பக்கவாட்டில் ஒரு வாயு ஓட்டமும், அதை மேலிருந்து அமுக்க இன்னொரு வாயு ஓட்டமும் வைத்தார். படலம் அமைந்தது. 1990 அக்டோபரில் கம்பெனி அதற்குக் காப்புரிமை கேட்டது. 1993-இல் நீல எல்.இ.டி. சந்தைக்கு வந்தது. இன்று நம் வீட்டில் எரியும் வெள்ளை எல்.இ.டி. பல்புக்குள்ளும் அந்த நீல ஒளிதான் இருக்கிறது.

அந்தக் காப்புரிமைக்கு நாகமுராவுக்குக் கம்பெனி கொடுத்த வெகுமதி, விண்ணப்பித்தபோது 10,000 யென், கிடைத்தபோது 10,000 யென்.

1999-இல் அவர் வேலையை விட்டு அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியராகப் போனார். 2001-இல் வழக்குப் போட்டார். காப்புரிமை என்னுடையது, இல்லையென்றால் நியாயமான பங்கு கொடுங்கள் என்றார். 2002-இல் டோக்கியோ நீதிமன்றம், காப்புரிமை கம்பெனியுடையதுதான் என்று சொல்லிவிட்டது. ஆனால் ஊழியருக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும் என்று ஜப்பானியச் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் இருந்தது. அதைக் கணக்குப் போட்ட நீதிமன்றம், அவர் பங்கு 6,040 கோடி யென் வரும் என்றது. அவர் கேட்டது 2,000 கோடி யென் என்பதால் அதைக் கொடுக்கச் சொல்லி 2004 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கம்பெனி மேல்முறையீடு செய்தது. பணம் போட்டது நாங்கள், நட்டம் வந்தால் தாங்கியிருப்பதும் நாங்கள், மற்ற ஊழியர்களும் உழைத்திருக்கிறார்கள் என்பது கம்பெனியின் நியாயம். அதிலும் உண்மை உண்டு. 2005 ஜனவரியில் சுமார் 84 கோடி யென்னுக்குச் சமாதானம் ஆனது. நாகமுராவுக்கு மனமில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டார். 2014-இல் நோபல் பரிசு அவருக்கும் வந்தது.

நம் நாட்டுச் சட்டத்தில் அந்த 35-ஆம் பிரிவு போன்ற ஒன்று கிடையாது. ஊழியரின் கண்டுபிடிப்புக்கு எவ்வளவு தர வேண்டும் என்று நம் காப்புரிமைச் சட்டம் பேசுவதில்லை. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போடும் ஒப்பந்தம்தான் பேசும். 2021 டிசம்பரில் ஒன்றிய அரசு 76,000 கோடி ரூபாய்க்குக் குறைக்கடத்தித் திட்டம் அறிவித்து, குஜராத்திலும் அசாமிலும் ஆலைகள் எழும்பும் காலம் இது. நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அங்கெல்லாம் போவார்கள். அந்தத் தாளைப் படிக்காமலேயே கையெழுத்துப் போடுவார்கள் என்பதுதான் என் கவலை.

*

இதை எழுதும்போது எனக்குள் உறுத்தும் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்.

தொண்ணூறுகளில் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பாலிருந்து ஒரு பையன் விடுதியில் தங்கி என் பள்ளியில் படித்தான். மலையில் கடுக்காய் பொறுக்கி, கல்லால் தட்டி, கொட்டையை நீக்கித் தோலை விற்பார்கள். அவன் அம்மாவின் கை விரல்கள் எப்போதும் காயமாகவே இருக்கும் என்பான். அறிவியல் கண்காட்சிக்கு அவன் பழைய சைக்கிள் உதிரிகளை வைத்து ஒரு கருவி செய்தான். கைப்பிடியைச் சுற்றினால் கடுக்காய் உடைந்து, கொட்டை ஒரு பக்கமும் தோல் ஒரு பக்கமும் விழும். நூற்றுக்கு எழுபது சரியாக விழும், மீதி நசுங்கும். இரண்டாம் பரிசு கிடைத்தது. ஒரு சான்றிதழும் எவர்சில்வர் டம்ளரும் கொடுத்தார்கள். நான் அவன் தோளில் தட்டிக் கொடுத்தேன்.

இரண்டு ஆண்டு கழித்து வேறோர் ஊரில் ஒரு வியாபாரியின் களத்தில் ஏறக்குறைய அதே அமைப்பில், மோட்டார் வைத்த ஒரு கருவி ஓடுவதைப் பார்த்தேன். கண்காட்சியைப் பார்த்துச் செய்தார்களா, கில்பிக்கும் நாய்ஸுக்கும் போல அவர்களுக்கும் தனியாகத் தோன்றியதா? அதைக் கேட்கவும் என் கையில் ஒன்றும் இல்லை. பையனின் படம் இல்லை, தேதி இல்லை, நோட்டு இல்லை. கருவியும் ஆய்வகத்தை வெள்ளையடித்தபோது பழைய இரும்போடு போய்விட்டது. எழுதி வைக்கச் சொல்லியிருக்க வேண்டியவன் நான். ஆசிரியருக்கே தெரியாதபோது மாணவனை என்ன சொல்வது?

*

மெக்கானிக் கடைப் பையனுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். மற்றப் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

ஒன்று, அந்தத் தாளை முழுவதும் படி. வேலை நேரத்தில், கம்பெனிக் கருவியில் செய்தது கம்பெனிக்கு என்றால் அது நியாயம். உன் சொந்த நேரத்தில், தொடர்பில்லாத விஷயத்தில் செய்ததும் அவர்களுக்கே என்று இருக்கிறதா என்று பார். இருந்தால் சேருவதற்கு முன் கேள். கேட்பதற்காக யாரும் வேலையைப் பறிப்பதில்லை.

இரண்டு, இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் பல சமயம், நீ முன்பே கண்டுபிடித்தவை என்று ஒரு பக்கம் காலியாக இருக்கும். எல்லோரும் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போவார்கள். இருந்தால் எழுது.

மூன்று, கட்டு பிரியாத ஒரு நோட்டு வை. தேதி போடு, படம் வரை, விவரம் தெரிந்த ஒருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கு. இங்கே உரிமை முதலில் விண்ணப்பித்தவருக்குத்தான், நோட்டு மட்டும் போதாது. ஆனால் இது என் வேலை என்று காட்ட வேறு வழி இல்லை.

நான்கு, விண்ணப்பிக்கும் முன் யூடியூபில் போடாதே. வெளியே தெரிந்துவிட்டால் அது புதுமை இல்லை என்று ஆகிவிடும், போட்டவன் நீயாகவே இருந்தாலும். தனி மனிதர் ஆன்லைனில் விண்ணப்பிக்க அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசோதனைக் கட்டணம் தனி. அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

ஐந்து, நீதிமன்றத்தை நம்பி இரு, ஆனால் அதற்காகக் காத்திருக்காதே. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் இந்த வழக்குகளுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது, நல்லது. ஆனாலும் மேலே சொன்ன ஒவ்வொரு வழக்கிலும் தீர்ப்போ சமாதானமோ வந்தபோது பொருளின் காலம் மாறியிருந்தது. அன்றைக்கு உனக்காகப் பேசப்போவது நீ இன்றைக்கு என்ன எழுதினாய் என்பதுதான்.

பையன் நேற்று இரவு போன் செய்தான். அவனுக்கு வந்த தாள்களிலும் அந்தக் காலிப் பக்கம் இருக்கிறதாம். அப்பாவின் கடைக்காக இக்னிஷன் காயில் சோதிக்க அவன் செய்த சின்னக் கருவியை அதில் எழுதலாமா என்று கேட்டான். "எழுதுப்பா. படத்தோடு எழுது" என்றேன். பின்னால் தகப்பன் குரல் கேட்டது: "சார், அதுக்கும் மார்க் போடுவீங்களா?"

மலையிலிருந்து வந்து படித்த அந்தக் கடுக்காய்க் கருவிக்காரன் இந்தப் பதிவைப் பார்த்தால், தம்பி, எங்கே இருந்தாலும் எனக்கு ஒரு வரி எழுது. அந்தப் படத்தை நாம் உட்கார்ந்து மறுபடி வரைவோம். காப்புரிமைக்கு நேரம் கடந்துவிட்டது. ஆனாலும் அது உன்னுடையது என்று ஒரு தாளிலாவது இருக்கட்டும்.